லேடீஸ் பெட்டியில் பிறந்த ராப்

எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியை விரல் நுனியால் தட்டினால் ஒரு சத்தம் வரும். உள்ளங்கையின் அடியால் குத்தினால் வேறொரு சத்தம் வரும். உள்ளே எலுமிச்சைச் சாதம் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும் காலை வேளையில் அந்தக் குத்து 'தொம்' என்று கனத்து விழும். மாலையில் கழுவிய வெறும் பாத்திரமாகத் திரும்பும்போது அதே குத்து 'டங்' என்று காதில் ஏறும். காலைச் சத்தத்துக்குக் காலைப் பாட்டு, மாலைச் சத்தத்துக்கு மாலைப் பாட்டு என்று பிரித்து வைத்திருந்த ஒரு கூட்டத்தின் நடுவில், மல்லிகைப் பூவும் தேங்காயெண்ணெயும் இரும்பும் கலந்த வாசனையில், என் சிறு வயதின் மிகச் சிறந்த கோடை விடுமுறையைக் கழித்தேன். அந்தக் கூட்டம் உட்கார்ந்திருந்த இடம் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டி. அவர்கள் பாடியது ராப். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நான் கேட்டேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா லாரி ஓட்டுபவர், வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். அம்மா தாம்பரம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் இருக்கும்வரை என்னைப் பற்றிக் கவலையில்லை. லீவு விட்டதும் என்னைத் தனியாக வீட்டில் விட்டுப் போகப் பயந்து, தினமும் கையோடு ரயிலேற்றி, தாம்பரத்தில் இருந்த சித்தி வீட்டில் பகலுக்கு விட்டுவிட்டு, மாலையில் அழைத்துக்கொண்டு திரும்பினாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று பீற்றிக்கொண்டபோது, "நாங்க தெனம் ட்ரெயின்ல போவோம்" என்று நானும் பீற்றிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இருந்ததில்லை.

செங்கல்பட்டு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் கொளவாய் ஏரிக் காற்று ஜன்னல் வழியாக அடிக்கும். ஏரி முடிவதற்குள் பெட்டிக்குள் பாதிக் குடும்பம் நடந்துவிடும்: ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், ஒருத்தி பக்கத்துப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுவாள், "கொஞ்சம் தள்ளி குந்துமா, வூட்டு சோபாவா இது" என்று ஒரு சண்டை தொடங்கி பரனூருக்குள் சமாதானமாகிவிடும். பூ விற்கும் குப்பம்மா கூடையை வழியிலேயே வைத்துக்கொண்டு எல்லார் விஷயத்திலும் தீர்ப்புச் சொல்வாள். வீட்டில் பெரியவர்கள் எங்களுக்கெல்லாம் காலையும் மாலையும் சொல்லிவந்த வார்த்தை ஒன்றுதான்: "மெதுவா பேசு, பக்கத்து வூட்ல கேக்கும்." அப்படிச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண்களெல்லாம் அந்தப் பெட்டியில் கால் வைத்ததும் தொண்டையைத் திறந்து பேசினார்கள். அங்கே ஆண்கள் ஏறக் கூடாது. தப்பி ஏறியவனைக் குப்பம்மாவின் வாயே அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடும்.

மேகலா அக்காவை முதலில் பார்த்தது அங்கேதான். இருபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, ஒரு பக்கமாக வாரிப் போட்ட பின்னல், எந்நேரமும் ஏதோ கணக்குப் போடுவது போல முணுமுணுக்கும் உதடுகள். தாம்பரத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. உடைந்த போன்களுக்கு ஸ்பீக்கர் மாற்றுவாள், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவாள். அந்தக் காலத்தில் பாட்டு என்பது அப்படித்தான் கைக்கு வந்தது; கடையில் கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தால் பாட்டு நிறைந்திருக்கும். நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தவள், கடைக் கம்ப்யூட்டரின் ஏதோ ஒரு மூலையில், யாரும் கேட்டு வராத சில பாட்டுகளைக் கண்டுபிடித்துத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அது ஒரு 'சைனா மொபைல்'. சோப்புக்கட்டி போல இருந்துகொண்டு திருவிழா மைக் செட் போல அலறும்.

ஒருநாள் காலை அதில் ஒரு பாட்டைப் போட்டாள். தூரத்து அமெரிக்க நகரம் ஒன்றின் தெருவில் நின்று ஒரு கறுப்பினப் பெண் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள். பேச்சா பாட்டா என்று தெரியவில்லை. வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை. ஆனால் பெட்டியே பேச்சை நிறுத்திக் கேட்டது.

"இன்னாடி சொல்றா அவ?" என்றாள் குப்பம்மா.

"தெர்ல ஆயா. யாரையோ கேள்வி கேக்குறா."

"நல்லா கேக்கட்டும். திரும்ப போடு."

அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு அப்போது தெரியாது. வளர்ந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். அந்த இசை பிறந்த தெருக்களிலேயே, ஆரம்பத்திலிருந்தே, பெண்கள் இருந்தார்கள். மைக்கைப் பிடித்தவர்களிலும் இருந்தார்கள், தரையில் சுழன்று ஆடியவர்களிலும் இருந்தார்கள், இசைத்தட்டை வெளியே கொண்டுவந்தவர்களிலும் இருந்தார்கள். பிறகு எழுதப்பட்ட கதைகளில்தான் அவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியின் குரல் கடல் தாண்டி, ஒரு திருட்டு மெமரி கார்டில் ஏறி, மறைமலைநகர் ஸ்டேஷனில் பூக்காரம்மாவின் காதில் விழுந்து "திரும்ப போடு" என்று சொல்ல வைத்ததே, அதை எந்தப் பின்வரிசையாலும் தடுக்க முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கொஞ்ச நாளில் மேகலா அக்கா தானாகவே சொல்லத் தொடங்கினாள். தாளத்துக்கு ஷபானா அக்கா கிடைத்தாள். தாம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவள், எதிரே உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொள்வாள். முதலில் வந்தது இது:

*மெதுவா பேசு மெதுவா பேசுன்னு*
*மென்னிய புடிச்சது எங்க வூடு,*
*ரயிலு கூடத்தான் ஊருக்கே கத்துது,*
*மெதுவா கத்துன்னு சொன்னது யாரு?*

பெட்டி சிரித்து உருண்டது. என் அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பாட்டுன்னா ஒரு ராகம் வேணாவா? இது இன்னா, ரேஷன் கட சண்ட மாதிரி கீது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அதிகம் பேசாதவள். கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டால் ஒரு சொல், வீட்டில் அப்பா கேட்டால் ஒரு சொல், என்னைத் திட்டுவதற்கு மட்டும் நாலு சொல். அவ்வளவுதான் அவள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது.

அந்த அம்மாவிடம் ஒரு காலையில் மேகலா அக்கா கேட்டாள். "ஏன்க்கா, நீங்க தச்ச சட்டைய நீங்க ஒரு தடவயாச்சும் போட்டு பாத்துகீறீங்களா?"

"அதெல்லாம் சீமைக்கு போவுது. என் ஜாக்கெட்டே தையலு வுட்டு தொங்குது, அத்த தைக்க நேரம் கெடைக்கல" என்றாள் அம்மா, வேண்டாவெறுப்பாக.

மறுநாள் அது பாட்டாகிவிட்டது.

*சீமைக்கு போற சட்டைய தச்சேன்,*
*செவப்பு பட்டன் தேடி வச்சேன்,*
*சீமாட்டி யாரோ போட்டுகினு கீறா,*
*தச்சவ போட்ட ஜாக்கெட்டு மட்டும்*

என்று வந்து, அடுத்த வரியில் தையலும் விட்டுத் தொங்கியது. அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். முகம் சிவந்து போயிற்று. அன்று முழுக்க மேகலா அக்காவிடம் பேசவில்லை; மறுநாளும் பேசவில்லை. ஆனால் பெட்டிக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போயிற்று. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகும் பெண்கள் அதில் அரைவாசிப் பேர். எல்லார் ஜாக்கெட்டிலும் அந்தத் தையல் விட்டிருந்தது. தினமும் கேட்டார்கள். நாலைந்து நாள் கழித்து, புதிதாக ஏறிய ஒருத்தி "யாருமா அந்த தச்சவ?" என்று கேட்க, அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே "நாந்தான்" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவள் முகத்தில் வந்த சிரிப்பை மறைக்க என்ன பாடுபட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே ரயிலின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடும்போது மட்டும்தான் பாட முடியும். ஸ்டேஷன் வந்தால் "ஏறு ஏறு, உள்ள போ, கூடைய எடு" என்ற கூச்சலில் எதுவும் கேட்காது. அதனால் வண்டி வேகம் குறைந்ததும் மேகலா அக்கா எந்த வரியில் இருந்தாலும் அப்படியே வெட்டிவிடுவாள். காலை ஓரமாக ஒதுக்கி, தோளைத் திருப்பி, ஏறுகிறவர்களுக்கு வழி விடுவாள். வண்டி நகர்ந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் "அப்புறம் இன்னா?" என்று கேட்பார்கள். அப்புறம்தான் மிச்சம் வரும். ஜாக்கெட் பாட்டு எப்போதும் கூடுவாஞ்சேரியில் வெட்டுப்படும். கூடுவாஞ்சேரியில் ஏறுகிற கூட்டம் அப்படி. 'ஜாக்கெட்டு மட்டும்' என்று தொங்கலில் நின்று, கூட்டம் ஏறி முடித்து, வண்டி கிளம்பி, "அப்புறம் இன்னா?" வந்து, பிறகுதான் அந்தத் தையல் விடும். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே மாதிரி. பாட்டே அந்த அளவுக்கு வெட்டித் தைத்ததாக ஆகிவிட்டது.

மேகலா அக்காவுக்கு அது போதவில்லை. "இங்க கேக்குறவங்க எல்லாம் நம்ம ஜனம். வெளிய கேக்கணும்" என்பாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாயங்காலம் பையன்கள் வட்டமாக நின்று ராப் சொல்வார்கள். அதற்குத் தலைவன் பிரவீன் என்றொரு அண்ணன், தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டிருப்பான். அவர்கள் மாமல்லபுரம் பையன்களோடு சேர்ந்து அங்கே கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாலை ரயிலை விட்டு இறங்கிய கையோடு இரண்டு அக்காக்களும் அந்த வட்டத்தின் முன்னால் போய் நின்றார்கள். அம்மா காய் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நானும் அங்கே நின்று கேட்டேன்.

"கோரஸ் வேணா பாடுங்க. நடுவுல 'ஆஆ' ன்னு இழுக்கற எடம் கீது, அத்த பாடுங்க. ராப்பு உங்களுக்கு செட் ஆவாது" என்றான் பிரவீன்.

"ஏன் ஆவாது?"

"மூச்சு பத்தாதும்மா. நடுவுல நின்னுடுவீங்க. நடுவுல நின்னா அவுட், அதான் ரூல்ஸு."

"நிக்க மாட்டேன்" என்றாள் மேகலா அக்கா.

பையன்கள் சிரித்தார்கள். பிரவீன் மட்டும் சிரிக்காமல் யோசித்துவிட்டு, "சரி, வா. ஆனா நின்னுட்டா, அப்புறம் பொண்ணுங்க யாரும் மைக்கு குடுன்னு வரக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் அறிந்த உலகத்தில் அதுவே பெரிய சலுகை. ஆனால் ஒரு பெண்ணின் மூச்சில் ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் மைக்கையும் கட்டித் தொங்கவிட்டான் என்பது பத்து வயதுகூட நிரம்பாத எனக்கே புரிந்தது. ஒரு பையன் திக்கினால் அந்தப் பையன்தானே அவுட், எல்லாப் பையன்களுமா?

ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் பாதிப் பேர் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கூடிவிட்டார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் இடம் போதாமல் நின்றுகொண்டே போனோம். "நான் சும்மா கடல் பாக்கத்தான் வரேன்" என்று அம்மா எல்லாரிடமும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். மணலில் மீன் பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டு மேடை அமைத்திருந்தார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தார். வேடிக்கை பார்க்க, குளிக்க வந்த கூட்டம், சிப்பிமாலை விற்பவர்கள், வலை உலர்த்துகிறவர்கள், இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள். பையன்கள் ஒவ்வொருவராக ஏறிச் சொன்னார்கள். நன்றாகத்தான் சொன்னார்கள், பொய் சொல்லக் கூடாது.

ஷபானா அக்காவுக்குத்தான் முதல் சிக்கல். டிபன் பாக்ஸைத் தட்டிப் பார்த்தால் 'டங்' என்கிறது. கொண்டுவந்த சாப்பாட்டை வழியிலேயே நாங்கள் தின்று தீர்த்திருந்தோம். பாட்டோ காலைப் பாட்டு. "தொம் வேணும், தொம் வேணும்" என்று அவள் கையைப் பிசைய, குப்பம்மா அலை நனைத்த மணலை இரண்டு கையாலும் அள்ளி, பாக்ஸுக்குள் அடைத்து, மேலே ஒரு அழுத்து அழுத்தி மூடிக் கொடுத்தாள். தட்டினால் சாட்சாத் எலுமிச்சைச் சாதம். அதை மேடையில் கொண்டுபோய் மைக் முன்னால் வைத்ததும், பிரவீன் "இன்னாம்மா, சமையல் போட்டியா இது?" என்று கேட்க, கடற்கரை சிரித்தது.  மேகலா அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

தொடங்கினாள். 'மெதுவா பேசு' முதலில் வந்தது. அந்தக் குரல் பெரிய பெட்டிகள் வழியாக வெளியே வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடும் ரயிலின் சத்தத்தோடு மோதிக் கேட்டே பழகிய குரல், மோத எதிரே ஒன்றும் இல்லாமல் மணல் முழுக்கப் பரவியது. 'மெதுவா கத்துன்னு சொன்னது யாரு' என்றபோது சிரிப்பு வந்தது, ஆனால் இது வேறு சிரிப்பு. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். மூச்சு பத்தாது என்றவனின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பிறகு ஜாக்கெட் பாட்டு. சட்டை தைத்தாயிற்று, பட்டன் வைத்தாயிற்று, சீமாட்டி போட்டாயிற்று. 'தச்சவ போட்ட ஜாக்கெட்டு மட்டும்' என்று வந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

நின்றது மட்டுமில்லை. காலை ஓரமாக ஒதுக்கி, தோளைத் திருப்பி, மேடையில் யாரும் இல்லாத இடத்தில் யாருக்கோ வழி விட்டாள். தினம் தினம் கூடுவாஞ்சேரியில் நின்ற பாட்டு, கூடுவாஞ்சேரியிலேயே நின்றுவிட்டது. ரயிலில் பாட்டுக் கற்றவளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு வராது. அடுத்த கணம் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து அவள் முகம் வெளுத்தது. வெளுத்ததில் அடுத்த வரி உண்மையாகவே எங்கோ போய்விட்டது. ஷபானா அக்காவின் கையும் பாக்ஸின் மேல் அப்படியே நின்றது. 

"மறந்துடுச்சி, மறந்துடுச்சி" என்று ஒரு பையன் கத்தினான். "அவுட், அவுட்" என்று மற்றவர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். பிரவீன் மேடைக்கு வந்து, பரிதாபப்பட்டவன் போல, மைக்கை வாங்கக் கை நீட்டினான். மேகலா அக்கா கொடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. 

அப்போது என் தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்புறம் இன்னா?"

அம்மா. கடல் பார்க்க வந்த அம்மா. எழுந்து நின்று, முந்தானை தோளிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல், அத்தனை ஆண்கள் நடுவில், தனக்கு இருக்கிறது என்று அவளுக்கே தெரியாத ஒரு தொண்டையால் கேட்டாள். விடை அவளுக்குத் தெரியும். விடை அவள் தோளில்தான் இருந்தது. ஒரு நொடி கழித்துப் பெட்டியே எழுந்து நின்றது. "அப்புறம் இன்னா?" என்று பரனூரும் சிங்கப்பெருமாள் கோவிலும் பொத்தேரியும் சேர்ந்து கேட்டன.

மேகலா அக்கா பிரவீனின் கையை விலக்கினாள்.

*தையலு வுட்டு தொங்கிகினு கீது.*

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தெளிவாக அவள் அந்த வரியை அதற்கு முன் சொன்னதில்லை.  பிறகு விழுந்த கைதட்டலில் காக்கைகள் எழுந்து பறந்தன. பிரவீன் விடவில்லை. "இல்ல, நின்னுடுச்சி. எல்லாருந்தான பாத்தீங்க. ரூல்ஸு ரூல்ஸுதான்" என்றான்.

குப்பம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனாள். "யாருப்பா நின்னது? வண்டி ஸ்டேஷன்ல நின்னுச்சி. நின்னாத்தான ஜனம் ஏறும்? நீ ஏறலன்னா ஓரமா ஒதுங்கு, ஏறுறவங்களுக்கு வழி வுடு."

சவுண்ட் சர்வீஸ்காரர்தான் முதலில் சிரித்தார். "அம்மா சொல்றது நியாயம்தான். பாடட்டும் வுடு தம்பி" என்றார். அவர் வயர் பிடுங்கினால் போட்டியே இல்லை என்பதால் பிரவீன் ஒதுங்கினான். அதற்குப் பிறகு மேகலா அக்கா செய்ததுதான் இன்றுவரை என்னால் வியக்காமல் இருக்க முடியாத காரியம். அவள் தன் தப்பையே பாட்டாக்கிக்கொண்டாள். அடுத்த பாட்டில் வேண்டுமென்றே, வரி நடுவில், வெட்டி நிறுத்தினாள். காலை ஓரமாக ஒதுக்கினாள், தோளைத் திருப்பினாள், ஒரு கையை நீட்டி "ஏறுங்க" என்று காட்டினாள். "அப்புறம் இன்னா?" இந்த முறை கேட்டது எங்கள் பெட்டி மட்டும் இல்லை. சிப்பிமாலை விற்பவர்கள் கேட்டார்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள், கடைசியில் "அவுட்" சொன்ன பையன்களே கேட்டார்கள். இன்னொரு தடவை நிறுத்தினாள். இன்னும் பெரிதாகக் கேட்டார்கள். அன்று மாமல்லபுரத்துக் கடற்கரை முழுவதையும் அவள் ஒரு லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டாள், ஆண்கள் உட்பட.

முதல் பரிசு ஒரு பையனுக்குத்தான் கொடுத்தார்கள். இதில் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. யாராவது கிளறினால் இப்போதும் சண்டைக்குத் தயார். மேகலா அக்காவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு டீ-ஷர்ட். ஜெயிப்பவர்கள் பையன்களாகத்தான் இருப்பார்கள் என்று எண்ணி எல்லாமே பெரிய சைஸில் வாங்கியிருந்தார்கள். அவள் போட்டால் முட்டிக்குக் கீழே இறங்கும். மறுநாள் காலை ரயிலில் அம்மா அதை வாங்கி, தோளைப் பிரித்து, பக்கத்தைக் குறுக்கி, வண்டி ஆடும் ஆட்டத்தில் கையாலேயே தைத்து, தாம்பரம் வருவதற்குள் அவள் உடம்புக்குச் சரியாகப் போட்டுக் கொடுத்தாள். அம்மாவின் தொண்டை கட்டிப்போயிருந்தது. "கத்தி பழக்கமில்ல, அதான்" என்று கரகரத்தாள். "பழகிடும்க்கா" என்றாள் மேகலா அக்கா. அன்று முதல் அம்மா அவளோடுதான் உட்கார்ந்தாள்.

பஸ் ஸ்டாண்டு வட்டத்தில் அதற்குப் பிறகு பெண்களுக்கு இடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே மறைமலைநகரிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், பிரவீனே அவர்களுக்கு வட்டத்தை விரித்துவிட்டான். மேகலா அக்கா சென்னையில் பாடினாள், பெங்களூரில் பாடினாள், ஒரு சின்ன அறையில் போர்வை கட்டிப் பாட்டைப் பதிவு செய்தாள். கொஞ்ச நாளில் தாம்பரம் கடைக்கு ஆட்கள் வந்து, "அந்த ஜாக்கெட்டு பாட்டு கீதாமே, அத்த ஏத்தி குடும்மா" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்களுக்கு எதிரே நிற்பவள்தான் அவள் என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை. தன் குரலைத் தானே கார்டில் ஏற்றி, துடைத்து, கவரில் போட்டுக் கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தை யாரோடும் பங்கிட்டுக்கொள்ள அவளுக்கு மனமில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

போன மாதம் அதே கடற்கரையில் ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். மெமரி கார்டு கடைகள் இல்லை. சைனா மொபைல் இல்லை. குப்பம்மா இல்லை. லேடீஸ் பெட்டியில் இப்போதும் நான் போவதுண்டு. எல்லார் காதிலும் இயர்போன், யாருடைய பாட்டும் அடுத்தவருக்குக் கேட்பதில்லை, டிபன் பாக்ஸைத் தட்டினால் முறைப்பார்கள். ஆனால் மேடையில் ஏறிய பிள்ளைகள், ஆணும் பெண்ணும், வரி நடுவில் வெட்டி நிறுத்தினார்கள். ஓரமாக ஒதுங்கினார்கள். கூட்டம் "அப்புறம் இன்னா?" என்று கேட்டது. ஏன் அப்படி ஒதுங்குகிறார்கள் என்று கேட்டால் "நம்ம பக்கத்து ஸ்டைலு" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. கடைசியாகப் பாடுவதற்காக, முன்தலையில் கொஞ்சம் நரையோடு, மேகலா அக்கா மேடைக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். ஷபானா அக்கா மதுராந்தகத்திலிருந்து வந்திருந்தாள். அம்மா நடுவரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பக்கத்தில், தன் முறைக்காகக் காத்து, முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண். செய்யூர் பக்கம் ஒரு கிராமமாம், கடலைக்காய் பயிர் போட்டிருக்கிற குடும்பமாம். அதனிடம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். "உனக்குத் தெரியுமா? அப்பல்லாம் இங்க பொண்ணுங்களுக்கு மைக்கே குடுக்க மாட்டாங்க."

அது கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "ஏன் ஆன்ட்டி?"

ஆன்ட்டி என்றதை மன்னித்துவிட்டுப் பதில் சொல்ல வாயெடுத்தேன். மூச்சு பத்தாது என்றார்கள், என்று சொல்லலாம். மெதுவாகப் பேசச் சொன்னார்கள், என்று சொல்லலாம். பொண்ணுங்களுக்கு செட் ஆகாது என்றார்கள். ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கண்களுக்கு முன்னால் ஒன்றுகூட ஒரு காரணமாக நிற்கவில்லை. நான் திணறுவதைப் பார்த்து அதுவே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கேட்டது.

"மைக்கு ரிப்பேரா?"

மேடையில் அதன் பெயரைக் கூப்பிட்டார்கள். பெண் பெயர் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெயர், அவ்வளவுதான்.

"ஆமாம்மா, ரிப்பேரா இருந்துச்சு" என்றேன். "அதோ நிக்கிறாங்களே, அந்த அக்காதான் சரி பண்ணாங்க."

"ஓ" என்று சொல்லி, மிச்ச முறுக்கை என் கையில் திணித்துவிட்டு, அது மேடைக்கு ஓடிற்று.